பூனைக்கு இன்சுலின்: அளவில் கவனம் தேவை

நெல் மூட்டையும் விதைக் கடலையும் உள்ள வீட்டில் பூனையின் அருமையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதற்கும் மனிதரைப் போலவே நீரிழிவு நோய் வரும் என்பது உழவர்கள் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். ஏழெட்டு வயதைக் கடந்த, உடல் பருத்த பூனைகளுக்கு, குறிப்பாக விதை நீக்கம் செய்த கடுவன்களுக்கு, இந்நோய் மிகுதியாக வருகிறது. ஓயாமல் தண்ணீர் குடிக்கும். அடிக்கடி சிறுநீர் கழிக்கும். நன்றாகத் தின்றும் மெலியும். சில பூனைகள் பின்னங்கால் மூட்டு தரையில் படும்படி தாழ்ந்து நடக்கும். இவற்றைக் கண்டால் கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்று இரத்தத்தையும் சிறுநீரையும் சோதிக்க வேண்டும்.

நோய் உறுதியானால், பெரும்பாலும் 12 மணி நேர இடைவெளியில் நாளுக்கு இரு முறை இன்சுலின் ஊசி போட வேண்டியிருக்கும். இதை வீட்டிலேயே போடலாம். விலாப்புறத்தில் தளர்ந்த தோலை இரு விரலால் தூக்கி, அம்மடிப்பில் ஊசியைச் செலுத்தினால் போதும். தின்றுகொண்டிருக்கும் பூனை பெரும்பாலும் திரும்பிக்கூடப் பார்க்காது. ஊசி போடுவது எளிது. தவறு நேர்வதெல்லாம் அளவில்தான்.

நான்கு கிலோ எடையுள்ள பூனைக்கு மருத்துவர் தொடக்கத்தில் எழுதித் தருவது வழக்கமாக வேளைக்கு 1 அல்லது 2 யூனிட் மட்டுமே. வீட்டுப் பெரியவர் 20 யூனிட் போட்டுக்கொள்வதைப் பார்த்துப் பழகியவருக்கு, ஒரு யூனிட் கூடினால் என்ன என்று தோன்றும். ஒரு யூனிட் பெற வேண்டிய பூனைக்கு அது இரு மடங்கு.

குப்பியும் ஊசிக்குழலும்

நம் நாட்டு மருந்துக் கடைகளில் ஒரு மில்லி லிட்டரில் 40 யூனிட் உள்ள இன்சுலினும் 100 யூனிட் உள்ள இன்சுலினும் விற்கின்றன. 40-க்குரிய ஊசிக்குழலின் மூடி சிவப்பு. 100-க்குரியதன் மூடி ஆரஞ்சு. ஒன்றுக்கு மற்றொன்றைப் பயன்படுத்தக் கூடாது. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடிக் குழலில் 2 என்ற கோடு வரை இழுத்தால், உள்ளே செல்வது 2 யூனிட் அன்று, 5 யூனிட். பூனையின் உயிருக்கே இது ஆபத்து. மாற்றிச் செய்தால் 2-க்குப் பதில் 0.8 யூனிட்தான் சேரும், நோய் அடங்காது. ஆகவே ஒவ்வொரு முறை வாங்கும்போதும் குப்பியின் மேல் அச்சிட்டுள்ள எண்ணையும் குழலின் மேல் உள்ள எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வீட்டில் பெரியவருக்கு உள்ள இன்சுலினை எடுத்துப் பூனைக்குப் போடுவதும் தவறு. வகைக்கு வகை வேலை செய்யும் நேரம் வேறு.

கலங்கலாக உள்ள இன்சுலினை உள்ளங்கைகளுக்கிடையே மெல்ல உருட்ட வேண்டும், குலுக்கக் கூடாது. மருந்தைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாம். பனிக்கட்டி உறையும் அறையில் வைத்தால் கெட்டுவிடும்.

தீவனம் மாறினால் அளவும் மாறும்

பால்சோறும் தயிர்சோறும் தின்று வளர்ந்த பூனைக்குச் சோற்றைக் குறைத்து மீன், கோழி இறைச்சி, முட்டை கொடுப்பது நல்லதே. ஆனால் சோறு குறையும்போது இன்சுலின் தேவையும் குறையும். பழைய அளவையே தொடர்ந்தால் இரத்தத்தில் சர்க்கரை மிகத் தாழ்ந்துவிடும். எனவே தீவனத்தை மாற்றுமுன் மருத்துவரிடம் கேட்க வேண்டும். நல்ல சிகிச்சையால் சில பூனைகளுக்குச் சில மாதங்களில் இன்சுலினே தேவைப்படாமல் போவதும் உண்டு. அதைக் கவனியாமல் ஊசியைத் தொடர்வதும் இதே ஆபத்தைத் தரும்.

தளர்ச்சி, தள்ளாட்டம், நடுக்கம், வலிப்பு ஆகியவை சர்க்கரை தாழ்ந்ததற்கு அடையாளம். உடனே தேனையோ கெட்டியான சர்க்கரைக் கரைசலையோ விரலால் ஈறில் தடவ வேண்டும். வலிப்பு வந்த பூனையின் வாய்க்குள் விரலை விடலாகாது, கடித்துவிடும். நினைவு தப்பியதன் வாயில் எதையும் ஊற்றவும் கூடாது, புரையேறும். தெளிந்ததும் தீனி கொடுத்து, மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். அவரைக் கேட்காமல் அடுத்த ஊசி போடக் கூடாது.

பூனை அசைந்து பாதி மருந்து வெளியே சிந்திவிட்டதா? மீண்டும் போட வேண்டாம். ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளைக்கு இரட்டிப்பாகப் போட வேண்டாம். ஒரு வேளை குறைவதால் வரும் கேடு சிறிது. கூடுவதால் வரும் கேடு பெரிது. பூனை தின்னாமலோ வாந்தி எடுத்துக்கொண்டோ இருந்தால், ஊசியை நிறுத்தி வைத்து அன்றே மருத்துவரைக் காண வேண்டும்.

மருத்துவமனைக்குக் கொண்டு சென்ற அச்சத்திலேயே பூனைக்குச் சர்க்கரை ஏறிவிடும். அங்கே எடுக்கும் ஒரு சோதனையை மட்டும் வைத்து அளவு குறிப்பது அதனால் கடினம். வீட்டில் காது விளிம்பில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சோதிக்க மருத்துவரிடம் கற்றுக்கொள்ளலாம். அது இயலாதவர்கள் ஊசி போட்ட நேரம், யூனிட், தின்ற அளவு, குடித்த தண்ணீர் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வரலாம். அடுத்த முறை செல்லும்போது அந்த நோட்டுடன் மருந்துக் குப்பியையும் ஊசிக்குழலையும் எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டவும்.