கடிகாரம் காட்டும் கலோரிக் கணக்கு

காலையில் நடைப்பயிற்சிக்குச் செல்லும் பலருடைய கையில் இப்போது ஸ்மார்ட் வாட்ச் இருக்கிறது. பெரும்பாலும் வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் வாங்கித் தந்தது. "இன்று 300 கலோரி எரித்துவிட்டேன் டாக்டர், இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிடலாமா?" என்று புறநோயாளர் பிரிவில் எங்களைக் கேட்கிறார்கள். கேட்பவர் சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவரானால், இது சிறிய கேள்வியன்று.

உடல் செலவிடும் ஆற்றலைச் சரியாக அறிய, முகத்தில் மூடி பொருத்தி, பயன்படும் ஆக்சிஜனையும் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடையும் அளக்க வேண்டும். கடிகாரம் அதைச் செய்வதில்லை. கையின் அசைவு, நாடித்துடிப்பு, நாம் பதிந்த வயது, எடை, உயரம் ஆகியவற்றைக் கொண்டு ஊகிக்கிறது. அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் 60 பேரைக் கொண்டு ஏழு கருவிகளைச் சோதித்து முடிவை வெளியிட்டனர். ஆறு கருவிகள் நாடித்துடிப்பை 5 விழுக்காட்டுக்கும் குறைந்த பிழையுடன் காட்டின. கலோரிக் கணக்கிலோ, மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 விழுக்காடு பிசகியது. மிக மோசமானது 93 விழுக்காடு. கருவிகள் அதன்பின் மாறியிருக்கின்றன. ஊகம் ஊகமாகவே இருக்கிறது.

கன்னிவாடிப் பக்கத்துத் தோட்டங்களில் உழைப்போருக்கு இக்கணக்கு இன்னும் பொருந்தாது. தலையில் புல்லுக்கட்டைச் சுமப்பவரின் கை, கட்டைப் பிடித்தபடி அசையாமல் இருக்கும். சுமையின் எடை கடிகாரத்துக்குத் தெரியாது. மேடுபள்ளச் சாலையில் பைக்கில் போனவருக்கோ, நடக்காத காலடிகளும் சில வேளை சேர்ந்துவிடும். மேலும், ஓய்விலிருக்கும் இந்தியரின் ஆற்றல் செலவு பன்னாட்டுச் சூத்திரங்கள் சொல்வதைவிடக் குறைவென்று கண்டு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் வல்லுநர் குழு 5 விழுக்காட்டைக் கழித்துக் கணக்கிட்டது.

60 கிலோ எடையுள்ளவர் அரை மணி நேரம் சற்று விரைந்து நடந்தால் ஏறத்தாழ 105 கலோரி செலவாகும். அதில் 30 கலோரி, சும்மா உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும். எஞ்சிய 75 கலோரியை ஓர் உளுந்து வடை எளிதில் ஈடுகட்டிவிடும். கடிகாரத்தை நம்பிக் கூடுதலாக உண்பவரின் எடை குறையாததற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே. அவர் நடப்பதில் குறையில்லை.

மாரடைப்புக்குப் பின் மெட்டோப்ரோலால், அட்டெனோலால் போன்ற மாத்திரைகளை உட்கொள்வோர் தனியாகக் கவனிக்க வேண்டும். இம்மருந்துகள் நாடித்துடிப்பை ஏறவிடாமல் தடுக்கும். எனவே அவர்கள் உழைத்த உழைப்பைக் கடிகாரம் குறைத்துக் காட்டக்கூடும். "இலக்கு எட்டவில்லை" என்று அது சொல்வதைக் கேட்டு வேகத்தைக் கூட்டுவது ஆபத்து. நடக்கும்போது உடன் வருபவரிடம் பேச முடிய வேண்டும். பேச முடியாமல் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள். நெஞ்சு இறுகினால் உடனே நின்று மருத்துவ உதவி பெறுங்கள்.

கடிகாரத்தைக் கழற்றி வைக்கச் சொல்லவில்லை. நடந்த நிமிடங்களையும் காலடிகளையும் நேற்றோடு இன்று ஒப்பிட அது நல்ல துணை. கலோரி எண்ணை மட்டும் உணவுக்கோ மருந்துக்கோ அளவுகோலாக்க வேண்டாம். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்க எண்ணும் சர்க்கரை நோயாளிகள், கடிகாரம் ஆயிரக்கணக்கில் காட்டுகிறதே என்று இன்சுலினைத் தாமாக நிறுத்தக் கூடாது. பழைய அளவையே போட்டுக்கொண்டு நாள் முழுதும் நடக்கவும் கூடாது. புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே எங்களிடம் வாருங்கள், அளவை மாற்றித் தருகிறோம். வழியில் குளுக்கோமீட்டரும் சர்க்கரைப் பொட்டலமும் பையில் இருக்கட்டும்.