நிற்கும் காடும் நியாய விலையும்

காட்டுவளம் குன்றினால் மழைவளம் குன்றும் என்பதை உழவர் நன்கறிவர். ஆயினும் காட்டைக் காக்க வேண்டும் என்று கூறுவோருள் பலர், அக்காட்டினுள் வாழும் மக்கள் எதனைக் கொண்டு பிழைப்பது என்பதைக் கூறுவதில்லை. இவ்விரண்டையும் ஒருங்கே எண்ணிப் பார்த்த மக்கள், தென் அமெரிக்காவில் பிரேசில் நாட்டின் மேற்கெல்லையிலுள்ள ஆக்ரே மாநிலத்தில் வாழ்கின்றனர். அவர்களும் நம்மைப் போன்ற சிறு உற்பத்தியாளர்களே. ஆகவே அவர்தம் அனுபவத்தை நம் அங்கத்தினர்கள் அறிந்துகொள்வது நலம்.

பால்வெட்டுவோர் நிலை

ஆக்ரே, அமேசான் பெருங்காட்டின் ஒரு பகுதியாகும். ரப்பர் மரத்தின் தாயகம் இக்காடே. 1876-ஆம் ஆண்டில் ஹென்றி விக்ஹாம் என்ற ஆங்கிலேயர் அமேசானிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டனுக்கு அனுப்பினார். அவற்றினின்று முளைத்த கன்றுகள் இலங்கைக்கும் மலாயாவுக்கும் வந்தன. தமிழ் மக்கள் பல்லாயிரவர் கடல் கடந்து சென்று உழைத்த ரப்பர்த் தோட்டங்கள் அவ்விதைகளின் வழிவந்தவையே. அத்தோட்டங்களின் சரக்கு பெருகவே, 1910-க்குப் பின் அமேசான் ரப்பரின் விலை வீழ்ந்தது.

காட்டில் எஞ்சிய பால்வெட்டுவோர் கடனில் மூழ்கினர். முதலாளி தம் பண்டகசாலையிலிருந்து உணவுப் பொருள், உப்பு, கத்தி முதலியவற்றைக் கடனாகக் கொடுப்பார். வெட்டிய ரப்பரைத் தாமே விலை குறித்து எடுத்துக்கொள்வார். நூலைக் கடனாகக் கொடுத்துச் சேலையைத் தம் விலைக்கே பெற்றுக்கொள்ளும் முறையைக் கண்ட நெசவாளர்க்கு இது புதிதன்று.

பலவகை மரமே அரண்

தோட்டத்தில் ரப்பர் மரங்கள் நெருங்கி வரிசையாக நிற்கும். அமேசான் காட்டிலோ ஒரு ரப்பர் மரத்திற்கும் மற்றொன்றிற்கும் இடையே வேறு பல சாதி மரங்கள் நிற்கின்றன. அங்குள்ள இலைக்கருகல் நோய் மரம் விட்டு மரம் தாவாதபடி இவ்விடைவெளியே காக்கின்றது. 1928-இல் ஹென்றி ஃபோர்டின் நிறுவனம் அமேசானில் காட்டை அழித்துப் பெரும் ரப்பர்த் தோட்டம் ஒன்றைத் தொடங்கியது. நெருக்கமாக நடப்பட்ட மரங்களை அந்நோய் பாழாக்கியது. 1945-இல் நிறுவனம் அதனைக் கைவிட்டது.

பிரேசில் கொட்டை மரமும் இத்தகையதே. ஐம்பது மீட்டர் வரை ஓங்கி, சில நூறாண்டுகள் வாழும் அம்மரத்தின் பூவில் மகரந்தம் சேர்ப்பவை காட்டில் வாழும் பெருந்தேனீக்கள். அதன் கனியோ மரக்கட்டை போன்ற ஓடுடையது. முயலினும் சற்றுப் பெரிய அகூட்டி என்னும் பிராணி அவ்வோட்டைக் கொறித்துத் திறந்து, உண்டதுபோக மிஞ்சிய கொட்டைகளை மண்ணில் புதைத்து வைக்கும். மறந்துவிட்டவை முளைக்கும். சுற்றிலுமுள்ள காட்டை அழித்து, கொட்டை மரத்தை மட்டும் மேய்ச்சல் நிலத்தில் நிறுத்தினால் காய்ப்புக் குறைந்துவிடும். பல்லுயிர் வாழும் காடே இம்மக்களின் முதல் என்பது இதனால் விளங்கும்.

உரிமை பெற்ற வரலாறு

1970-க்குப் பின் மாட்டுப் பண்ணையார்கள் ஆக்ரே நிலங்களை வாங்கிக் காட்டை வெட்டத் தொடங்கினர். பால்வெட்டுவோர் பெண்டு பிள்ளைகளுடன் திரண்டு சென்று, வெட்டுவோர்முன் நின்று தடுத்தனர். 1985-இல் தேசிய அளவில் கூடி, காட்டை வெட்டாமல் அதன் விளைபொருளை எடுத்து வாழும் காப்பகங்கள் வேண்டும் எனக் கோரினர். அவர்தம் தலைவர் சிக்கோ மெண்டிஸ் 1988 டிசம்பர் 22-ஆம் நாள் தம் வீட்டருகே சுட்டுக் கொல்லப்பட்டார். 1990-இல் அவர் பெயரால் 9 இலட்சம் எக்டேருக்கும் மேற்பட்ட காப்பகம் அமைந்தது. நிலம் அரசினுடையது, பயன்படுத்தும் உரிமை அங்கு வாழும் குடும்பங்களுடையது. நிலத்தை விற்கலாகாது, ஒரு குடும்பம் தன் பங்கில் பத்தில் ஒன்றுக்கு மேல் வெட்டலாகாது.

இதனால் பயன் பெறுவோர் அவர்கள் மட்டுமல்லர். மரங்கள் காற்றிலுள்ள கரிவாயுவை உட்கொண்டு, அக்கரியைத் தம் உடலில் சேர்த்து வைக்கின்றன. காட்டை வெட்டிக் கொளுத்தினால், நூற்றாண்டுகளாகச் சேர்ந்த கரி சில நாட்களில் காற்றில் கலந்து உலகின் வெப்பத்தை உயர்த்துகின்றது. காடு வெளிவிடும் ஈரமே தொலைவிலுள்ள வயல்களுக்கு மழையாகவும் பெய்கின்றது.

விலையின்றேல் காவலில்லை

எனினும் சட்டம் ஒன்றே காட்டைக் காத்துவிடவில்லை. அக்காப்பகத்தினுள்ளும் பெருமளவு காடு அழிந்து மேய்ச்சல் நிலமாகியுள்ளது. காரணம் எளிது. கொட்டை ஆண்டுக்கு ஒருமுறை மழைக்காலத்தில் கிடைப்பது. அதன் விலையும் ரப்பரின் விலையும் நிலையற்றவை. மாடோ வேண்டியபோது விற்றுக் காசாக்கத் தக்கது. வீட்டில் நோய் வந்தால் ஏழைக்குக் கைகொடுப்பது அதுவே. அவனைப் பழித்துப் பயனென்ன?

ஆகவேதான் கூட்டுறவின் பணி இங்கு இன்றியமையாததாகின்றது. 1988-இல் ஷாபுரி என்னும் ஊரில் பால்வெட்டுவோர் தமக்கெனக் கூட்டுறவுச் சங்கம் கண்டனர். தரகரை விலக்கிக் கொட்டையைத் தாமே உடைத்து, உலர்த்தி விற்றனர். 1999-இல் ஆக்ரே மாநில அரசு, காட்டு ரப்பருக்கு உதவித்தொகை வழங்கச் சட்டம் செய்தது. 2025 நவம்பரில் பிரேசிலின் பெலெம் நகரில் கூடிய உலகத் தட்பவெப்ப மாநாட்டின்போது, வெட்டப்படாமல் நிற்கும் வெப்பமண்டலக் காடுகளுக்குப் பணம் அளிக்கும் நிதித்திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. அப்பணத்தில் நூற்றுக்கு 20 பங்கு பழங்குடியினர்க்கும் காட்டை நம்பி வாழ்வோர்க்கும் உரியதென வகுத்துள்ளனர். அது காட்டிலுள்ள குடும்பத்தின் கைக்குச் சென்று சேருமா என்பதே கேள்வி. இடையில் நேர்மையான சங்கம் ஒன்று இருப்பின் சேரும்; இன்றேல் பழைய பண்டகசாலைக் கணக்கே மீண்டும் வரும்.

உரிமை, நியாய விலை, அவசரத்திற்குக் கடன் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்தால், காட்டைக் காப்பதே காட்டு மக்களுக்கு ஆதாயமாகும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் கோடரி ஓங்கும். தறிக்கும் ஏருக்கும் நாம் எதனை நாடிச் சங்கம் அமைத்தோமோ, அதனையே அவர்கள் மரத்திற்காக நாடினர். தேனும் கடுக்காயும் கொண்டு மலையிலிருந்து நம் சந்தைக்கு வருவோரிடம் விலை பேசுங்கால், நம் அங்கத்தினர்கள் இதனை நினைவிற் கொள்வார்களாக.