தியேட்டர் போச்சு, ஸ்டாப் பேர் இருக்கு: பழைய டாக்கீஸ்கள் எல்லாம் என்ன ஆயின?

"சாந்தி தியேட்டர் ஒண்ணு குடுங்க." அண்ணா சாலையில் போகும் பஸ்ஸில் இப்படிக் கேட்டு டிக்கெட் வாங்குபவர்கள் இன்றும் உண்டு. 1961-ல் திறந்த சாந்தி 2016-லேயே மூடிவிட்டது. இப்போது அங்கே நிற்பது வணிக வளாகம். அசோக் நகரில் 'உதயம்' என்று சொன்னால் ஆட்டோக்காரர் மறுபேச்சு இல்லாமல் கொண்டுபோய் இறக்கிவிடுவார். 1983-ல் தொடங்கிய அந்தத் தியேட்டர் 2024-ல் மூடப்பட்டு, பிறகு இடிக்கப்பட்டது. கோவையில் 'வெரைட்டி ஹால் ரோடு' என்று ஒரு தெருவே இருக்கிறது. ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டிக்கொண்டிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1914-ல் அங்கே கட்டிய வெரைட்டி ஹாலால் வந்த பெயர் அது. பின்னாளில் 'டிலைட்' என்று பெயர் மாறிய அந்தத் தியேட்டரும் இப்போது இல்லை.

உங்கள் ஊரிலும் ஒன்று இருந்திருக்கும். அப்பா அம்மாவைக் கேட்டால் அந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று சொல்வார்கள். பெரும்பாலும் பதில் நான்கில் ஒன்றாக இருக்கும்: ஜவுளிக்கடை, கல்யாண மண்டபம், குடோன், அல்லது அபார்ட்மென்ட்.

ஏன் மூடினார்கள் என்று கேட்டால் சட்டென்று வரும் பதில், "ஓ.டி.டி. வந்துருச்சுல்ல". ஆனால் கணக்கு இடிக்கிறதே. 1964-ல் திறந்த சபையர், அதே வளாகத்தில் இருந்த புளூ டயமண்ட், எமரால்டு மூன்றும் சென்னையின் பெருமையாக இருந்தவை. புளூ டயமண்டில் படம் இடைவெளியில்லாமல் திரும்பத் திரும்ப ஓடும். எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகலாம், எப்போது வேண்டுமானாலும் வெளியே வரலாம். அந்த வளாகம் 1990-களிலேயே மூடிவிட்டது. அப்போது நெட்ஃபிளிக்ஸ் என்ற பெயரே யாருக்கும் தெரியாது. வி.சி.ஆர்., 1993-ல் வந்த சன் டி.வி., திருட்டு வி.சி.டி. என்று ஒவ்வொன்றும் ஒரு அடி கொடுத்தது உண்மை. ஆனால் அடித்தளத்தை ஆட்டியது வேறு இரண்டு விஷயங்கள்: ஒன்று படம் பயணித்த வேகம், இன்னொன்று தியேட்டர் நின்ற மண்.

பெட்டி வந்தாச்சா?

ஒரு படம் ஒரே நாளில் எல்லா ஊரிலும் வெளியாகும் வழக்கம் முன்பு கிடையாது. ஃபிலிம் பிரிண்ட் போடுவது செலவு பிடித்த வேலை. அதனால் எண்ணி எண்ணித்தான் போடுவார்கள். முதலில் சென்னை, மதுரை, கோவை மாதிரி பெரிய ஊர்கள். சினிமாக்காரர்கள் மொழியில் அவை 'ஏ சென்டர்'. அங்கே ஐம்பது நாள், நூறு நாள் ஓடி முடித்த பெட்டி, பிறகு தாலுகா தலைநகரங்களான 'பி சென்டர்'களுக்குப் போகும். அங்கிருந்து பல மாதம் கழித்து, சில சமயம் வருடம் கழித்து, கிராமத்துக் கொட்டகையான 'சி சென்டர்'. அதற்குள் பிரிண்ட் தேய்ந்து திரையில் கோடு கோடாக விழும். "படத்துல மழை பெய்யுது" என்பார்கள். ஆனாலும் கூட்டம் வரும். ஏனென்றால் அந்த ஊர்க்காரர்களுக்கு அதுதான் முதல் ரிலீஸ்.

இந்த மெதுவான பயணம்தான் சின்ன தியேட்டர்களுக்குச் சோறு போட்டது. புதுப்படத்துக்கு லட்சக்கணக்கில் முன்பணம் கட்ட வேண்டியதில்லை. பழைய பெட்டியைக் குறைந்த வாடகைக்கு எடுத்தால் போதும். ஒரு படத்துக்கு வயதே ஆகாத காலம் அது. 1944-ல் வந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது சும்மா இல்லை.

பிறகு பிரிண்ட் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. ஹார்டு டிஸ்க்கிலும் செயற்கைக்கோள் வழியாகவும் படம் அனுப்பும் டிஜிட்டல் முறை வந்ததும் பெட்டியே தேவையில்லாமல் போயிற்று. சென்னையில் உருவான 'கியூப்' இதில் முன்னோடி. இப்போது திருநெல்வேலியிலும் தேனியிலும் சென்னையிலும் ஒரே வெள்ளிக்கிழமை, ஒரே காட்சி. பார்வையாளருக்கு இது நல்ல செய்திதான். சி சென்டர் ரசிகர் மட்டும் ஏன் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்? ஆனால் நூறு நாள் வசூல் பத்து நாளுக்குள் சுருங்கியது. ஒரு படம் திங்கட்கிழமை படுத்துவிட்டால், அடுத்த வெள்ளி வரை ஓட்ட வேறு ஒன்றும் கிடையாது. புரொஜெக்டர் கருவிக்கு யார் பணம் கட்டுவது என்ற சண்டை வேறு. 2018 மார்ச் 1-ல் தொடங்கி ஏழு வாரம் தமிழ்நாட்டில் புதுப்படமே வெளியாகாமல் நின்றதற்கு டிஜிட்டல் நிறுவனங்களின் கட்டணம் ஒரு முக்கியக் காரணம்.

பெரிதாகக் கட்டியதே வினை

மதுரை தங்கம் தியேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 1952 தீபாவளிக்கு 'பராசக்தி'யோடு தொடங்கியது. 2,500 பேருக்கு மேல் உட்காரலாம். ஆசியாவிலேயே பெரியது என்று மதுரைக்காரர்கள் மார்தட்டிக்கொண்ட தியேட்டர். ஊரில் வேறு பொழுதுபோக்கு இல்லாத காலத்தில் இவ்வளவு பெரிய அரங்கு பலம். படம் பத்து நாளில் ஓடி முடியும் காலத்தில் அதுவே சுமை.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஆயிரம் இருக்கை. செவ்வாய்க்கிழமை மேட்னிக்கு 60 பேர் வருகிறார்கள். டிக்கெட் 60 ரூபாய் என்றால் வசூல் 3,600. இதில் வரி போகும். பெரிய படத்தின் முதல் வாரமென்றால் மீதியில் பாதிக்கு மேல் விநியோகஸ்தர் பங்கு. கையில் நிற்பது ஆயிரத்துச் சொச்சம். இதில்தான் ஆயிரம் பேருக்கான கூடத்துக்கு ஏ.சி. போட வேண்டும், ஆபரேட்டர், வாட்ச்மேன், கூட்டுபவர் எல்லோருக்கும் சம்பளம் தர வேண்டும். கட்டுப்படி ஆகுமா? மல்டிபிளெக்ஸில் அதே 60 பேர் 120 இருக்கை கொண்ட சின்ன அரங்கில் உட்கார்ந்தால் பாதி நிறைந்த மாதிரி. பக்கத்து அரங்கில் இன்னொரு படம். பாப்கார்ன் கவுன்டர் எல்லாவற்றுக்கும் பொது.

வரியும் தன் பங்குக்குப் படுத்தியது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது, அதற்கு மேல் உள்ளாட்சிக் கேளிக்கை வரி 30 சதவீதம் என்றார்கள். தமிழ்நாடு முழுக்க தியேட்டர்கள் சில நாள் மூடிக் கிடந்தன. பிறகு குறைத்தார்கள்.

காலம் கொடுத்த விலை

இத்தனை கஷ்டத்திலும் ஒரு தியேட்டர் ஓடலாம், அது நிற்கும் இடம் மலிவாக இருந்தால். அங்கேதான் சிக்கல். தியேட்டர் கட்ட நிபந்தனைகள் அதிகம்: அகலமான சாலை, சுற்றிலும் காலி இடம், கூட்டம் வெளியேறத் தனி வழிகள், சைக்கிள் ஸ்டாண்டு. இவ்வளவு இடம் ஊருக்கு நடுவில் எங்கே கிடைக்கும்? அதனால் பலர் ஊர் எல்லையில் கட்டினார்கள். ஐம்பது வருடத்தில் ஊர் வளர்ந்து தியேட்டரைத் தாண்டிப் போய்விட்டது. எல்லை நடுவாகிவிட்டது. மெயின் ரோடு முகப்பு, ஒரே பட்டா, பார்க்கிங் வசதி, நடுவில் தூண் இல்லாத பெரிய கூடம்... ஜவுளிக்கடைக்காரரும் மண்டபம் கட்டுபவரும் தேடுவது இதைத்தான். அதிலும் அப்பா காலமாகி, சொத்து நான்கு பிள்ளைகளுக்கு வந்துவிட்டால், தியேட்டரை நான்காகப் பிரிக்க முடியாது. மண்ணை விற்றுப் பணத்தைப் பிரிக்கலாம்.

தங்கம் இருந்த இடத்தில் இப்போது பெரிய ஜவுளிக்கடை. சபையர் மனை அ.தி.மு.க. வசம் போய், பல வருடம் காலியாகவே கிடந்தது. உதயம் கட்டுமான நிறுவனத்தின் கைக்குப் போனது. உரிமையாளர்களைத் திட்டிப் பயனில்லை. நீங்களும் நானும் அந்த இடத்தில் இருந்தால் வேறென்ன செய்திருப்போம்?

தரை டிக்கெட் எங்கே?

இழந்தது என்ன என்று பார்த்தால், கட்டடம் எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. கழிவறை நாற்றமும் மூட்டைப்பூச்சியும் அந்தக் காலத்து அழகில் சேர்த்தி இல்லை. 1979-ல் தூத்துக்குடியில் கூரைக் கொட்டகை ஒன்று தீப்பிடித்து ஏராளமானோர் இறந்ததையும் மறக்கக் கூடாது.

போனது தரை டிக்கெட். ஈழத்துப் பேராசிரியர் கா.சிவத்தம்பி 1981-ல் தமிழ் சினிமா பற்றி எழுதிய ஆய்வில் முக்கியமான ஒன்றைச் சுட்டிக்காட்டினார்: தமிழர்கள் சாதி வேறுபாடு தாண்டி ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் நிகழ்த்துகலைக் கூடம் சினிமாக் கொட்டகைதான், அங்கே எங்கே உட்காருவது என்பதைக் காசு தீர்மானித்தது, பிறப்பு அல்ல. கோயிலுக்குள்ளும் சபாவுக்குள்ளும் நுழைய முடியாதவர் மணலைக் குவித்து மேடு கட்டி, திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விசில் அடித்தார். பண்ணையார் பின்னால் சோபாவில் இருந்தார். படம் இருவருக்கும் ஒன்று.

2017 வரை தமிழ்நாட்டுத் தியேட்டர்களில் முன்வரிசைக்கு 10 ரூபாய் டிக்கெட் வைத்திருந்தார்கள். இன்று நான்கு பேர் குடும்பம் மல்டிபிளெக்ஸுக்குப் போய்வர டிக்கெட், முன்பதிவுக் கட்டணம், பார்க்கிங், பாப்கார்ன் எல்லாம் சேர்த்தால் ஆயிரம் ரூபாய் சாதாரணமாகக் கழன்றுவிடும். தினக்கூலிக்காரர் எப்படிப் போவார்? அவர் சினிமா பார்ப்பதை நிறுத்தவில்லை. போனில் பார்க்கிறார், தனியாக.

இன்னொரு ஆளும் காணாமல் போனார்: ஆபரேட்டர். இரண்டு புரொஜெக்டருக்கு நடுவில் நின்று, கார்பன் குச்சி எரிவதைக் கண்காணித்து, ரீல் முடியும் நொடியில் அடுத்த மெஷினுக்கு மாற்றும் வேலை. கொஞ்சம் பிசகினால் "ஆப்பரேட்டரே!" என்று அரங்கமே கத்தும். பத்து வருடம் உதவியாளாக இருந்து கற்ற கை வேலை, டிஜிட்டல் வந்ததும் ஒரு பட்டனாகிவிட்டது. அந்த இரும்பு மெஷின்கள் பல, கிலோ கணக்கில் காயலான் கடைக்குப் போயின.

எல்லாமே போய்விடவில்லை. சென்னை கமலா தன் பெரிய அரங்கை இரண்டாக்கிக்கொண்டது. கோயம்பேடு ரோகிணி, குரோம்பேட்டை வெற்றி, நெல்லை ராம் முத்துராம் போன்றவை உள்ளூர்த் தியேட்டர்களாகவே இருந்துகொண்டு கூட்டம் சேர்க்கின்றன. அரங்கைச் சின்னதாக்கி, ஒலியை மாற்றி, முதல் நாள் கொண்டாட்டத்தைக் கெடுக்காமல் வைத்திருப்பது அவர்கள் வழி. 2024 ஏப்ரலில் 'கில்லி' மறுவெளியீடாக வந்து அரங்குகளை நிறைத்தபோது, பழைய சி சென்டர் பழக்கம் நகரத்துக்கே திரும்பி வந்த மாதிரி இருந்தது. எட்டு வாரம் கழித்துத்தான் ஓ.டி.டி.யில் விட வேண்டும் என்று தியேட்டர்காரர்கள் கேட்பதும் அந்தப் பழைய இடைவெளியைத்தான்.

மற்றபடி, பழைய தியேட்டர் ஒன்றைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் அண்ணா சாலை தபால் நிலையத்துக்குப் போங்கள். 1913-ல் வார்விக் மேஜர் கட்டிய எலெக்ட்ரிக் தியேட்டர் அந்த வளாகத்துக்குள் இருக்கிறது. சில வருடம்தான் படம் ஓடியது, பிறகு தபால் துறை வாங்கிவிட்டது. அரசு அலுவலகமாகிவிட்டதால் யாரும் இடிக்கவில்லை. அங்கே இப்போது இருப்பது தபால்தலைப் பிரிவு.