பித்தக்கல்லுக்குப் பின்னால் ஏன் நிழல் விழுகிறது?

மனிதச் செவிக்கு எட்டும் உச்ச வரம்பான 20,000 ஹெர்ட்ஸைக் கடந்த ஒலியே மீயொலி எனப்படும். வயிற்று உறுப்புகளை ஆராயும் ஸ்கேன் கருவியோ, நொடிக்குப் பல லட்சம் முறை அதிரும் மீயொலியைப் பயன்படுத்துகிறது. தோலின்மீது வைக்கப்படும் ஆய்வுமுனையிலுள்ள அழுத்தமின் பொருள்கள், அதாவது மின்னழுத்தத்தை அதிர்வாகவும் அதிர்வை மின்குறிப்பாகவும் மாற்றவல்லவை, ஒலித்துடிப்புகளை உள்ளே அனுப்பி எதிரொலியை வாங்குகின்றன. மென்திசுக்களில் ஒலி நொடிக்குச் சுமார் 1,540 மீட்டர் செல்வதால், எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டே அது எழுந்த ஆழம் கணிக்கப்படுகிறது.

பித்தநீர் சீரான திரவமாதலால், எதிரொலி எழுப்பும் எல்லைகள் அதனுள் இல்லை. அதனால், அந்நீர் நிறைந்த பித்தப்பை படத்தில் கருமையாகத் தெரிகிறது. அதில் கல் இருந்தால், கல்லின் முகப்பு ஒலியின் பெரும்பகுதியைத் திருப்பியனுப்பி வெண்மையாக ஒளிர, எஞ்சியதைக் கல்லே உறிஞ்சிக்கொள்வதால் அப்பால் ஒலி செல்வதில்லை. அங்கிருந்து எதிரொலி வராமையே ஒலிநிழல் எனப்படும் கரிய பட்டையாகப் படத்தில் பதிகிறது. மிகச் சிறிய கற்கள் நிழல் வீழ்த்தாமலும் போகலாம். எனினும், படத்தின் குறைபாடுபோலத் தோன்றும் இந்நிழலே நோயறிதலின் வலுவான சான்றாக அமைவது உண்மையிலேயே வியக்கத்தக்கது.

பித்தப்பைச் சுவரில் வளரும் சிறு சதைமொட்டும் வெண்மையாகத் தெரியக்கூடும். ஆனால் அது பொதுவாக நிழல் வீழ்த்துவதில்லை, நோயாளி ஒருக்களித்துப் படுத்தாலும் கல்லைப்போல உருண்டு இடம்பெயர்வதில்லை. பரிசோதனையின் நடுவே நோயாளியைத் திரும்பிப் படுக்கச் சொல்வது இதற்காகவே. உண்ணாமல் வரச் சொல்வதற்குக் காரணம் வேறு: கொழுப்புணவு உண்டதும் பித்தப்பை சுருங்கிப் பித்தநீரை வெளியேற்றிவிடும், கல்லைச் சூழ்ந்து அதைத் தெளிவாகக் காட்டும் கரிய பின்னணி அப்போது கிடைக்காது.