மும்பையைத் தூக்கி நிறுத்தியவர்கள்

2008 நவம்பர் 26 இரவு மும்பை சி.எஸ்.டி. ரயில் நிலையத்தில் துப்பாக்கிச் சத்தம் கேட்டபோது, அறிவிப்பாளர் விஷ்ணு ஜெண்டே தன் அறையில் மைக்கின் முன்னால் உட்கார்ந்திருந்தார். நெடுந்தூர ரயில்களுக்காக மூட்டை முடிச்சுகளோடு ஜனங்கள் தரையில் படுத்தும் உட்கார்ந்தும் காத்திருக்கிற கூடத்தில்தான் துப்பாக்கியோடு வந்த இரண்டு பேர் சுடத் தொடங்கினார்கள். சென்னைக்கும் நாகர்கோவிலுக்கும் வண்டி புறப்படுகிற நிலையம் அது. பக்கத்திலேயே புறநகர் ரயில்களின் நடைமேடைகள். அப்போதுதான் வந்து நின்ற லோக்கலில் இருந்து இறங்குகிறவர்களுக்கு முன்னால் என்ன நடக்கிறது என்றே தெரியாது. ஜெண்டேவுக்கு அறைக் கண்ணாடி வழியாக அது தெரிந்தது. முன்பக்கம் வராதீர்கள், ஒன்றாம் நடைமேடையின் பின்வழியாக வெளியே போங்கள் என்று இந்தியிலும் மராத்தியிலும் திரும்பத் திரும்பச் சொன்னார். சுட்டவர்கள் அவர் இருந்த அறையையும் குறிவைத்தார்கள். அவர் மைக்கை விடவில்லை. அந்த ஒரு நிலையத்தில் மட்டும் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தக் குரல் இல்லாமல் இருந்திருந்தால் சாவு இன்னும் எவ்வளவு கூடியிருக்கும் என்பதை, அந்த நேரத்து லோக்கல் கூட்டத்தைப் பார்த்த யாரும் ஊகிக்கலாம்.

ஜெண்டே போன்றவர்கள் செய்த காரியத்துக்கு நாம் வைத்திருக்கும் பெயர் ‘மும்பை ஸ்பிரிட்’. 1993 மார்ச் 12 அன்று பங்குச் சந்தை தொடங்கிப் பன்னிரண்டு இடங்களில் குண்டு வெடித்து 257 பேர் இறந்தபோதும் இந்தப் புகழ்ச்சி கேட்டது. 2003-ல் கேட்வே, ஜவேரி பஜார் வெடிப்புகளுக்குப் பிறகும், 2006 ரயில் குண்டுகளுக்குப் பிறகும், 166 பேரைப் பலிகொண்ட 2008-க்குப் பிறகும், 2011-ல் மறுபடி ஜவேரி பஜாரிலும் தாதரிலும் ஆப்பரா ஹவுஸிலும் வெடித்தபோதும் அதே சொல்தான். நகரத்துக்கு ஏதோ பிறவிக் குணம் இருப்பதுபோலவும், எவ்வளவு அடித்தாலும் அது தானாக எழுந்துவிடும் என்பதுபோலவும் பேசிப் பழகிவிட்டோம். இந்தப் பேச்சு நினைவைக் கெடுக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். தாக்குதல் நடந்த இரவுகளில் மும்பை எழுந்து நின்றது, குறிப்பிட்ட சில மனிதர்கள் தங்களுக்குத் தெரிந்த வேலையை உயிர் போகும் நிலையிலும் செய்ததால். அதைக் குணம் என்று சொல்லிவிட்டால், அவர்களுக்குத் துணை நிற்க வேண்டியவர்கள் எங்கே போனார்கள் என்ற கேள்வி எழாமலே போகிறது.

காமா மருத்துவமனையை எடுத்துக்கொள்ளுங்கள். சி.எஸ்.டி.யில் இருந்து தப்பிய இருவரும் அங்கேதான் புகுந்தார்கள். மகப்பேறு வார்டில் இரவுப் பணியில் இருந்த செவிலியர் அஞ்சலி குல்தே, கனத்த கதவுகளை இழுத்துச் சாத்தினார். கர்ப்பிணிகள் இருபது பேரையும் வார்டின் கோடியில் இருந்த சிறிய சமையலறைக்குள் கொண்டுபோய் வைத்தார். நடுவில் ஒருவருக்கு வலி எடுத்துவிட்டது. சுவரைப் பிடித்துப் பிடித்தே அவரைப் பிரசவ அறைக்கு நடத்திக்கொண்டு போனார். வெளியே குண்டு வெடிக்கிறது, உள்ளே ஒரு குழந்தை பிறக்கிறது. பிறகு அடையாள அணிவகுப்பில், அந்த இருவரில் உயிரோடு பிடிபட்ட கசாபை அடையாளம் காட்டினார். 2022 டிசம்பரில் ஐ.நா. பாதுகாப்புக் கவுன்சிலிலும் காணொலி வழியாகப் பேசினார். அன்றிரவு அவர் செய்தவற்றில் ஒன்றுகூட அவருக்குப் புதிய வேலை இல்லை. எந்தக் கதவு எப்படிப் பூட்டும், எந்த நோயாளிக்கு எப்போது வலி வரலாம் என்று தெரிந்தவர் அவர். ஜெண்டேவுக்கு எந்த வழி எங்கே போகும் என்று தெரிந்திருந்தது. கிர்காவ் சௌபாட்டியில் அந்த இருவரும் வந்த காரை மறித்த உதவி சப்-இன்ஸ்பெக்டர் துக்காராம் ஓம்ப்ளேயின் கையில் இருந்தது லத்தி ஒன்றுதான். கசாபின் துப்பாக்கிக் குழலை இறுகப் பிடித்துக்கொண்டு, குண்டுகளைத் தன் உடம்பில் வாங்கி, அவனை உயிரோடு பிடிக்க வைத்துவிட்டு இறந்தார். அந்த ஒரு பிடிதான் சதியின் வேர் எங்கே இருக்கிறது என்பதை உலகத்தின் முன் நிரூபிக்க உதவியது.

இந்த மூவருக்கும் எதிரே அன்றிரவு அரசின் ஏற்பாடு எப்படி இருந்தது? சி.எஸ்.டி.யில் காவலுக்கு நின்றவர்களிடம் இருந்தவை பழைய .303 துப்பாக்கிகள். சக காவலரின் துப்பாக்கியை வாங்கிச் சுட்ட ரயில்வே காவலர் ஜில்லு யாதவ், அது மேற்கொண்டு சுடாமல் போனபோது பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி எறிந்தார். தேசியப் பாதுகாப்புப் படை தில்லிக்கு அருகே மானேசரில் இருந்தது. அவர்களை ஏற்றிவர விமானம் சண்டிகரில் இருந்து வரவேண்டியிருந்தது. மறுநாள் காலைதான் களத்தில் இறங்க முடிந்தது. கடல் வழியாகத் தாக்குதல் வரலாம் என்ற உளவு எச்சரிக்கைகள் முன்பே வந்திருந்தன. ஆனால் கொலாபா மச்சிமார் நகரில் ரப்பர் படகு கரையேறியபோது தாக்க வந்த பத்துப் பேரையும் யார் என்று கேட்டவர்கள் அங்கிருந்த மீனவ மக்கள்தான். பிறகு மகாராஷ்டிர அரசு அமைத்த ராம் பிரதான், வி.பாலச்சந்திரன் குழு, நெருக்கடிக் காலத்துக்கென்று எழுதி வைத்திருந்த நடைமுறைகள் அன்று சரியாகப் பின்பற்றப்படவில்லை என்று சொன்னது. அந்த அறிக்கையைக்கூடச் சட்டமன்றத்தில் வைக்க அரசு முதலில் தயங்கியது.

இதற்கு ஒரு மறுப்பு வரும், நியாயமான மறுப்பு. பயங்கரவாதத்தின் நோக்கமே அன்றாட வாழ்க்கையை நிறுத்துவது. மறுநாள் காலை ரயில் ஓடுவதும் கடை திறப்பதும் அதற்குக் கொடுக்கும் பதிலடி. அந்தப் பதிலடியைப் பாராட்டாமல் குறை சொல்வது எப்படிச் சரி? சாப்பாட்டு மேசைகளுக்கு நடுவே சுட்டுக் கொல்லப்பட்டவர்களைக் கண்ட லியோபோல்ட் கஃபே, சில நாட்களிலேயே கதவைத் திறந்தது. குண்டு துளைத்த தடங்களை அப்படியே விட்டுவைத்தது. இதில் உண்மையான துணிவு இருக்கிறது, மறுக்க முடியாது. ஆனால் நாளொன்றுக்குக் கூலி வாங்குகிற ஒருவர் மறுநாள் ரயிலேறுவதும் இதுவும் ஒன்றாகாது. போகாவிட்டால் அவருக்கு அன்றைய சம்பளம் இல்லை. விரார், கல்யாண் பக்கம் குடியிருப்பவருக்கு வேலைக்குப் போக வேறு வண்டியும் இல்லை. அந்தக் கட்டாயத்தை வீரம் என்று வெளியில் இருப்பவர் பாராட்டும்போது, பயந்து நடுங்கியவருக்கு அதைச் சொல்லக்கூட இடமில்லாமல் போகிறது. 2006 ரயில் குண்டுகளுக்கு மறுநாள் சென்செக்ஸ் ஏறியதையும் மும்பையின் மன உறுதி என்று எழுதினார்கள். பிளாட்பாரத்தில் பிள்ளையின் செருப்பைத் தேடியவர்களுக்கு அந்த ஏற்றத்தில் என்ன பங்கு?

அதே 2006-ல் கட்டாயமே இல்லாமல் ஒன்று நடந்தது. நான் வணங்குவது அதைத்தான். ஜூலை 11 மாலை 6.24-க்கும் 6.35-க்கும் இடையே, சர்ச்கேட்டில் இருந்து வடக்கே போன மேற்கு ரயில்வே லோக்கல்களின் முதல் வகுப்புப் பெட்டிகளில் ஏழு குண்டுகள் வெடித்தன. மழைக்கால மாலை, இருட்டிக்கொண்டு வரும் நேரம். ஆம்புலன்ஸ் தண்டவாளத்துக்கு வர முடியாது. தண்டவாளத்தை ஒட்டிய குடிசைகளில் இருந்தவர்கள் வீட்டில் இருந்த போர்வைகளையும் படுக்கை விரிப்புகளையும் எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். நான்கு மூலையை நான்கு பேர் பிடித்து, காயம்பட்டவர்களை அதில் கிடத்தித் தூக்கிப் போய்க் கிடைத்த ஆட்டோவிலும் டாக்ஸியிலும் ஏற்றினார்கள். இருந்ததே ஒரு போர்வையாக இருக்கலாம். எந்த நேரத்தில் இடிப்பார்களோ என்று மாநகராட்சிக்குப் பயந்து வாழ்கிறவர்கள் அவர்கள். நகரத்தின் பொறுமையைப் பற்றி எழுதப்பட்ட தலையங்கங்களில் அவர்களுடைய குடியிருப்பைப் பற்றி ஒரு வரி வந்திருக்க வேண்டும்.

இன்னொரு மறுப்பும் உண்டு. நினைவு நாளில் குற்றம் கண்டுபிடிப்பது இறந்தவர்களுக்குச் செய்யும் அவமரியாதை, எதிரிக்குச் சந்தோஷம் என்பார்கள். 2008-க்குப் பிறகு நடந்தவற்றைப் பார்த்தால் இந்த வாதம் நிற்காது. 2008 டிசம்பர் 3 அன்று கேட்வேயின் முன் திரண்ட பெருங்கூட்டம் தன் பொறுமையைப் பாராட்டிக்கொள்ள வரவில்லை, கோபத்தோடு வந்தது. மத்திய உள்துறை அமைச்சர் சிவராஜ் பாட்டீல் விலகினார். பெரிய நகரங்களில் இப்படிச் சின்னச் சம்பவங்கள் நடக்கும் என்ற பொருள்படப் பேசிய மாநில உள்துறை அமைச்சர் ஆர்.ஆர்.பாட்டீலும், முதல்வர் விலாஸ்ராவ் தேஷ்முக்கும் பதவி இழந்தார்கள். அந்த டிசம்பருக்குள் தேசியப் புலனாய்வு முகமைக்கான சட்டம் நிறைவேறியது. அடுத்த ஆண்டு மும்பை, சென்னை, ஹைதராபாத், கொல்கத்தாவில் தேசியப் பாதுகாப்புப் படையின் மையங்கள் வந்தன. தமிழ்நாட்டுக் கடற்கரையில் மீனவர்களுக்குக் கொடுக்கப்பட்ட பயோமெட்ரிக் அட்டையும், ‘சாகர் கவச்’ கடலோரப் பாதுகாப்பு ஒத்திகையும் அந்த இரவின் பின்விளைவுகள்தாம். கேள்வி கேட்ட மக்களால் நாட்டுக்குக் கிடைத்த பாதுகாப்பு இது.

மும்பை தானே பாடுபட்டுக் கற்ற ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 1993 குண்டுகளை மட்டும் நினைவில் வைத்து, அதற்கு முந்தைய டிசம்பர், ஜனவரிக் கலவரங்களை மறப்பது பலருக்கு வசதியாக இருக்கிறது. அந்தக் கலவரங்களில் 900 பேர் இறந்ததாக, அவற்றை விசாரித்த ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் கணக்கிட்டது. அவர்களில் 575 பேர் முஸ்லிம்கள், 275 பேர் இந்துக்கள். கலவரத்துக்கும் குண்டுவெடிப்புக்கும் தொடர்பு உண்டு என்றும் அது சொன்னது. இப்படிச் சொல்வது குண்டு வைத்தவர்களுக்கு நியாயம் கற்பிப்பதாகாது. 257 பேரைக் கொன்றதற்கு எந்தக் காரணமும் நியாயமாகாது. ஆனால் குண்டுவெடிப்பு வழக்கில் நூறு பேர் தண்டிக்கப்பட்டார்கள். கலவரத்தில் காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்கு இழப்பீடு கொடுக்கும்படி 2022-லும் உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. அந்த ரணம் ஆறாத நகரத்தில், 2006-க்குப் பிறகும் 2008-க்குப் பிறகும் கலவரம் மூளவில்லை. 2008-ல் கொல்லப்பட்ட ஒன்பது துப்பாக்கிதாரிகளுக்கும் தங்கள் கப்ரஸ்தானில் இடமில்லை என்று மும்பை முஸ்லிம் அமைப்புகள் மறுத்துவிட்டன. உடல்கள் ஓராண்டுக்கு மேல் ஜே.ஜே. மருத்துவமனைப் பிணவறையில் கிடந்தன. மும்பையின் மீண்டெழும் வலிமைக்கு ஆதாரம் கேட்டால் நான் முதலில் காட்டுவது இதைத்தான். சாகடிக்கப்பட்டவர்கள் நம்மவர்கள், சாகடித்தவர்கள் நம்மவர்கள் இல்லை என்று எல்லோர் முன்னிலையிலும் எடுத்த முடிவு அது.

நினைவிலும் ஏற்றத்தாழ்வு புகுந்துவிடுகிறது. மூன்று நாட்கள் தொலைக்காட்சியில் எரிந்த தாஜ் ஹோட்டலின் குவிமாடம் அந்தத் தாக்குதலின் அடையாளமாகிவிட்டது. அங்கே விருந்தினர்களைக் காப்பாற்றி உயிர்விட்ட ஊழியர்களின் தியாகம் பெரிதுதான். ஆனால் அதிகம் பேர் செத்தது ரயில் நிலையத்தில். காலில் குண்டு பாய்ந்து, ஊன்றுகோலோடு நீதிமன்றத்துக்கு வந்து கசாபை அடையாளம் காட்டிய சிறுமிக்குத் தாக்குதல் நடந்தபோது வயது பத்துகூட நிறைந்திருக்கவில்லை. நாடே அவளைப் பாராட்டியது. வளர்ந்த பிறகு, தனக்குச் சொல்லப்பட்ட வீட்டைக் கேட்டு அவள் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டிவந்தது.

2006 ரயில் குண்டுகளின் நிலை இன்னும் மோசம். 189 பேர் இறந்த வழக்கில் 2015-ல் பன்னிரண்டு பேருக்குத் தண்டனை கிடைத்தது. அவர்களில் ஐந்து பேருக்குத் தூக்கு. 2025 ஜூலை 21 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம், ஒப்புதல் வாக்குமூலங்களையும் சாட்சியங்களையும் நம்ப முடியாது என்று சொல்லி அத்தனை பேரையும் விடுவித்தது. மூன்று நாளில் உச்ச நீதிமன்றம், அந்தத் தீர்ப்பை வேறு வழக்குகளில் முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது என்று தடை விதித்தது. விடுதலையானவர்களை மறுபடி சிறைக்கு அனுப்பவில்லை. அவர்கள் குற்றமற்றவர்கள் என்றால், பன்னிரண்டு குடும்பங்களின் பத்தொன்பது ஆண்டுகள் போயிருக்கின்றன. உண்மையான கொலையாளிகளை யாரும் தேடவே இல்லை. குற்றவாளிகள் என்றால், அதை நிரூபிக்கும்படி விசாரிக்கத் தெரியவில்லை. ஒவ்வொரு ஜூலை 11-லும் மாலை போட வருகிற அமைச்சர்களிடமும் அதிகாரிகளிடமும், அந்த ஏழு பெட்டிகளில் குண்டு வைத்தது யார் என்று மும்பை கேட்க வேண்டும். பதில் வரும்வரை ஒவ்வோர் ஆண்டும் கேட்க வேண்டும்.