நடுக்கடலில் 155 தமிழர்… கரை சேர்த்தது யார் தெரியுமா?

திருவனந்தபுரம் தம்பானூரில் நாகர்கோவில் பஸ் ஏறுங்கள். களியக்காவிளை தாண்டினால் குமரி மாவட்டம். பழவிளையில் ஈழத்தமிழர் முகாம். அது தெரிந்ததுதானே என்கிறீர்களா? சரி, திருவனந்தபுரம் எம்.பி. சசி தரூர் ஒரு காலத்தில் படகு அகதிகளைக் கரையிறக்கும் வேலை பார்த்தவர். இது தெரியுமா?

1978-ல், 22 வயதில், ஐ.நா. அகதிகள் ஆணையத்தில் சேர்ந்தார். 1981 முதல் 1984 வரை சிங்கப்பூர் அலுவலகத்துக்கு அவர்தான் தலைவர். வியட்நாமிலிருந்து ஓட்டைப் படகுகளில் சனம் தப்பி வந்துகொண்டிருந்த காலம். சிங்கப்பூரோ படு கறார்! வேறொரு நாடு அழைத்துக்கொள்வதாக உத்தரவாதம் கொடுத்தால்தான் இறங்கலாம். 90 நாளுக்குள் கிளம்பியும் ஆக வேண்டும். தவிக்கிறவர்களை ஏற்றிக்கொண்டால் எந்தத் துறைமுகம் சேர்க்கும் என்று பயந்து, பாராமல் போன கப்பல்களும் உண்டு. அந்தப் பூட்டுக்குச் சாவி எது தெரியுமா? பணக்கார நாடுகளின் கையெழுத்து! 1979-ல் ஜெனீவாவில் கூடி, 1,25,000 ஆக இருந்த குடியேற்ற இடங்களை 2,60,000 ஆக உயர்த்தின. கப்பல்கள் மீட்டு வருகிறவர்களை ஏற்கவும் தனி ஏற்பாடு செய்தன.

கனடா மட்டும் 1979-80-ல் சுமார் 60,000 பேரை அழைத்துக்கொண்டது. அதில் பாதிக்கு மேற்பட்டவர்களைப் பொறுப்பெடுத்தது அரசு அல்ல. சர்ச்சுகளும், ஐந்தாறு பேராகக் கூடிய அக்கம்பக்கத்தாரும்! அதற்காக 1986-ல் ஐ.நா.வின் நான்சென் விருது கனடா மக்கள் அனைவருக்குமே போனது.

அதே 1986, ஆகஸ்ட் 11. நியூஃபவுண்ட்லாந்து கடலில் பனிமூட்டம். இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நெருக்கியடித்தபடி 155 ஈழத்தமிழர்! கண்டு மீட்டவர் கஸ் டால்டன் என்ற மீனவர். இந்தியாவிலிருந்து வந்தோம் என்றார்கள். கப்பல் ஏறியதோ மேற்கு ஜெர்மனியில். பொய்யர்கள் என்று சீறியவர்கள் இருந்தும், தங்கவும் வேலை செய்யவும் ஓராண்டு அனுமதி கிடைத்தது. (உயிருக்குத் தப்பி வருகிறவன் சொன்ன பொய்யை நான் பெரிதாக எண்ண மாட்டேன்.) 30 ஆண்டு கழித்து, 2016-ல், அவர்களில் சிலர் அதே நியூஃபவுண்ட்லாந்துக்குப் போய் டால்டனுக்கு நன்றி சொன்னார்கள்!

ஆனால் 2010-ல் 'சன் சீ' கப்பலில் 492 தமிழர் வந்தபோது, அதே கனடா அவர்களைப் பிடித்து அடைத்தது. வசதி குறைந்துவிட்டதா என்ன? மனசுதான் குறைந்தது.

இன்னொரு வியப்பு: உலக அகதிகளில் பத்தில் ஏழு பேருக்கு இடம் கொடுத்திருப்பவை பணக்கார நாடுகள் அல்ல! 1983-க்குப் பிறகு மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ஈழத்தமிழரைக் கரையேற்றிய இந்தியா, 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவே இல்லை, தனிச்சட்டமும் கிடையாது. அப்படி ஒரு சட்டம் கேட்டு 2015-லும் 2022-லும் மக்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தவர் யார்? சிங்கப்பூரில் அதிகாரியாக இருந்த அந்த சசி தரூரேதான். இரண்டும் சட்டமாகவில்லை.