உங்களுக்குத் தெரியுமா? ஒரு மணி நேரத்துக்குள் 28 பாடல்கள்!

1977 டிசம்பர் 31. புத்தாண்டு பிறக்கக் காத்திருந்த அந்த இரவில், லண்டன் ரெயின்போ தியேட்டரில் நியூயார்க்கின் ராமோன்ஸ் குழு மேடையேறியது. பங்க் ராக்கின் முன்னோடிகள் இவர்கள். ஜோயி பாட, ஜானி கிதாரும் டீ டீ பேஸும் டாமி டிரம்ஸும் வாசித்தார்கள்.

ஒரு பாட்டு முடிந்த கையோடு டீ டீ 'ஒன், டூ, த்ரீ, ஃபோர்' என்று கத்துவார். அடுத்த பாட்டு பாய்ந்து வரும். பெரும்பாலானவை இரண்டு நிமிடத்தைச் சுற்றியே. ஸ்டுடியோவில் வாசித்ததைவிட வேகம் அதிகம். நீண்ட கிதார் வித்தைகளுக்கு இடமே இல்லை. இப்படித்தான் ஒரு மணி நேரம் முடிவதற்குள் 28 பாடல்களை முடித்தார்கள்!

அப்போது அவர்கள் மேற்கொண்டிருந்த சுற்றுப்பயணத்தில் பதிவான நான்கு கச்சேரிகளில் இதுவே இசைத்தட்டாக வெளியிடத் தேர்வானது. ரசிகர்கள் இருக்கைகளைப் பெயர்த்து மேடை நோக்கி எறியும் அளவுக்கு வெறி ஏறியிருந்ததாம். 1979இல் 'இட்ஸ் அலைவ்' என்ற இரட்டை இசைத்தட்டாக வெளியானது. பெயர், 1974இல் வந்த ஒரு திகில் படத்தினுடையது.

1978இலேயே டாமி டிரம்ஸை விட்டு விலகிவிட்டார். அந்த முதல் நால்வரின் முழு வேகத்தைக் கேட்க இதைவிடச் சிறந்த பதிவு கிடையாது.